சேமித்த யூனிட்டும் செலவாகாத யூனிட்டும்

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். நீரை ஏரியில் தேக்கி வைக்கலாம். பொன்னைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். மின்சாரத்தை மட்டும் அவ்வாறு மின்சாரமாகவே வைத்துக்கொள்ள இயலாது. அது பிறந்த நொடியிலேயே செலவாக வேண்டிய பண்டம். தில்லியில் ஒருவர் விளக்கின் விசையை அழுத்தும் அதே கணத்தில், எங்கோ ஒரு மலையடிவாரத்திலோ நிலக்கரிச் சுரங்கத்தின் அருகிலோ ஒரு சுழலி அந்த அளவுக்குக் கூடுதலாக உழைத்தாக வேண்டும். ஆக்கமும் நுகர்வும் சமமாக நிற்கும்வரை மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று என்ற நிலையில் நிற்கும். நுகர்வு மிகுந்தால் அது தாழும். ஆக்கம் மிகுந்தால் உயரும். பிறழ்ச்சி எல்லை மீறினால் மின்தொகுப்பே சரிந்து வீழும்.

இச்சமநிலையைக் காப்பதற்கு மேலும் மேலும் மின்நிலையங்களைக் கட்டுவது ஒரு வழி. வேறு இரு வழிகளும் உண்டு. மிகுந்திருக்கும் வேளையில் மின்னாற்றலை வேறோர் உருவில் சேமித்து, குறைந்த வேளையில் மீட்டெடுப்பது ஒன்று. நெருக்கடியான வேளையில் நுகர்வோர் தம் தேவையைச் சற்றே ஒத்திவைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் புதியன அல்ல. எனினும், சேமித்து வைத்த ஒரு யூனிட்டும், செலவழிக்காமல் விட்டுக்கொடுத்த ஒரு யூனிட்டும், புதிதாக உற்பத்தி செய்த ஒரு யூனிட்டுக்கு ஈடானவை. ஆதலின் அவற்றுக்கும் சந்தையில் இடமும் விலையும் உண்டு என்று நம் நாடு ஏற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம். தொழிலும் வாழ்வும் தேடித் தமிழகத்துக்கு வெளியே சென்ற நமக்கு இஃது அயலார் கதையன்று. நம்மவர் பலர் குடியிருக்கும் ஊர்களின் வழியாகவே இக்கதை செல்கிறது.

கோலாரிலிருந்து தொடங்குவோம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக விளங்கியவர் சேஷாத்ரி ஐயர். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பும் திட்டம் அவர் காலத்தில் உருவாயிற்று. அவர் மறைந்த மறு ஆண்டான 1902-இல் நிறைவேறிற்று. அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றோர் பலர். சுரங்கத்துக்கு மின்சாரம் இரவும் பகலும் வேண்டும். காவிரியிலோ கோடையில் நீர் குறையும். ஆற்றின் ஓட்டத்தை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் மின்சாரம் தருவதாக வாக்களிக்க இயலவில்லை. 1911-இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை பாசனத்துக்காக மட்டும் எழுந்ததன்று. சிவசமுத்திரத்துக்குச் சீராக நீர் விடுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அணையில் நின்றது நீர்தான். ஆயினும் மைசூர் அரசு அங்கே சேமித்து வைத்தது கோலாருக்கு உரிய மின்சாரத்தையே எனலாம்.

பம்பாயிலும் இதுவே நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்வது நான்கு மாதம். பஞ்சாலைகள் ஓடுவது பன்னிரண்டு மாதம். லோனாவ்லாவைச் சுற்றி ஏரிகளைக் கட்டி மழைநீரைத் தேக்கி, மலையின் கீழே கோப்போலியில் 1915-இல் மின்நிலையம் அமைத்து, டாட்டா நிறுவனத்தார் ஆலைகளுக்கு மின்சாரம் அளித்தனர். ஆக, சேமிப்பு என்பது நம் நாட்டு மின்சார வரலாற்றில் ஏறக்குறைய முதலிலிருந்தே உள்ளது. ஆனால் அதற்குத் தனி விலை இல்லை. ஏரியின் செலவும் நிலையத்தின் செலவும் ஒரே கணக்கில் கலந்திருந்தன. விற்பவர் ஒருவர், வாங்குவோர் ஒப்பந்தம் செய்துகொண்ட சிலர். எந்த மணியில் கொடுத்த யூனிட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், 1948-ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டத்தின்படி மாநிலந்தோறும் மின்வாரியங்கள் தோன்றின. சென்னை மாநில மின்வாரியம் 1957-இல் நிறுவப்பட்டது. ஊர் ஊராகக் கம்பி இழுத்து, கிணறுகளில் பம்புகளைப் பொருத்தி, இவ்வாரியங்கள் ஆற்றிய பணி மிகப் பெரிது. எனினும் வீட்டு வாயிலில் மாட்டிய அளவுமானி யூனிட்டுகளை எண்ணியதே தவிர, வேளையை எண்ணவில்லை. நள்ளிரவில் செலவான யூனிட்டுக்கும், ஊரெல்லாம் விளக்கேற்றும் மாலை ஏழு மணி யூனிட்டுக்கும் விலை ஒன்றே. உழவர்களின் பம்புகளுக்கோ பல மாநிலங்களில் அளவுமானியே இல்லை. குதிரைத்திறனைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கினர், அல்லது வாங்காமலே விட்டனர்.

தேவை விரைந்து வளர்ந்தது, ஆக்கம் பின்தங்கியது. பற்றாக்குறையை உணர்த்த விலை இல்லாத இடத்தில் மின்வெட்டு வந்து நின்றது. இந்தப் பகுதிக்கு இரண்டு மணி நேரம், அந்தப் பகுதிக்கு நான்கு மணி நேரம், ஆலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை என்று முறை வகுத்தனர். நுகர்வைக் குறைத்துச் சமநிலை காப்பது என்ற அளவில் பார்த்தால் மின்வெட்டும் ஒருவகைத் தேவைக் குறைப்பே. ஆனால் அது கேட்டுப் பெற்றதன்று, பறித்துக்கொண்டது. இழந்தவருக்கு ஈடு எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே அளவில் இழந்ததும் இல்லை. தலைநகரின் தெருக்கள் ஒளிர்ந்திருக்கச் சிற்றூர்கள் முதலில் இருண்டன. பல மாநிலங்களில் உழவருக்குரிய மின்சாரம் நள்ளிரவுக்கே தள்ளப்பட்டது. பாம்புக்கும் பனிக்கும் இடையே, இருளில் வயலில் விழித்திருந்து நீர் பாய்ச்சிய உழவர்தாம் மாலை நேரத்து நகரத்தின் தேவைக்கு இடம் விட்டுக்கொடுத்தவர். அந்த விட்டுக்கொடுத்தலுக்கு எந்தக் கணக்கேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை.

சேமிப்பின் பக்கமும் நிலைமை இதைப் போன்றதே. இரவில் மிகும் மின்சாரத்தைக் கொண்டு கீழேயுள்ள நீரை மேலே ஏற்றி, மாலையில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையங்கள் பிற்காலத்தில் வந்தன. ஆந்திரத்தின் நாகார்ஜுனசாகரில் 705 மெகாவாட்டுக்கு இருவழியிலும் சுழலும் பொறிகள் அமைக்கப்பட்டன. குஜராத்தின் சர்தார் சரோவரில் அவ்வாறே 1,200 மெகாவாட்டுக்கு அமைந்தன. ஆனால் இறங்கும் நீரைத் தேக்கி நிறுத்தும் கீழ்நீர்த்தேக்கம் இரண்டிடங்களிலும் நெடுங்காலம் முடிவுறாமல் கிடந்தது. ஏற்றத் தெரிந்த பொறிகள் இறக்கும் வேலையை மட்டும் செய்தன. தமிழ்நாட்டில் கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1987 முதல் 1989 வரையில் நான்கு நூறு மெகாவாட் பொறிகள் இயங்கத் தொடங்கின. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை என்று இரு தேக்கங்களும் அங்கே இருந்தமையால் நீர் ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. வங்கத்தின் புரூலியா மாவட்டத்தில் 900 மெகாவாட் நிலையம் 2007-08-இல் பணி தொடங்கியது. கல்கத்தாவில் வாழும் நம்மவர் வீட்டு மின்விசிறியில் அயோத்தியா மலையின் நீருக்கும் பங்கு உண்டு.

நீரேற்று நிலையம் ஒரு யூனிட்டைக்கூடப் புதிதாகப் படைப்பதில்லை; சிறிது விழுங்கவே செய்கிறது. நூறு யூனிட் செலவிட்டு நீரை ஏற்றினால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ எழுபத்தைந்து யூனிட். எல்லா வேளையிலும் யூனிட்டின் விலை மூன்று ரூபாய் எனக் கொள்வோம்: முந்நூறு ரூபாய்க்கு வாங்கி இருநூற்று இருபத்தைந்து ரூபாய்க்கு விற்பது எந்த வணிகனும் செய்யாத வணிகம். விற்கும் வேளையில் விலை நான்கு ரூபாயானால்தான் வாங்கிய முதல் திரும்பும். பொறிக்கும் அணைக்கும் இட்ட பணம் திரும்ப அதற்கும் மேல் வேண்டும். விலையில் வேளை வேறுபாடு இல்லாத நாட்டில் சேமிப்பு தானாக வளராது. அரசு தன் பொறுப்பில் கட்டினால்தான் உண்டு. விட்டுக்கொடுத்தலுக்கும் இதுவே விதி. நெருக்கடியான மணிக்கும் நெருக்கடியற்ற மணிக்கும் ஒரே விலையானால், பம்பை எந்த மணியில் ஓட்டினால் என்ன என்றுதான் எவரும் எண்ணுவர்.

வேளைக்கு விலை வைத்த முதற்பெரும் மாற்றம் 2002-03-இல் வந்தது. அதற்கு முன்பு மாநிலங்கள் மத்திய நிலையங்களிலிருந்து தம் பங்குக்கு மேல் இழுத்தாலும், தேவையற்ற வேளையில் உற்பத்தியைக் குறைக்க மறுத்தாலும் தண்டம் இல்லை. அதிர்வெண் மாலையில் 48-க்கு அருகே தாழ்வதும் இரவில் 51-ஐ நோக்கி உயர்வதும் வழக்கமாயின. 2002 ஜூலையில் மேற்கு மண்டலத்திலும், டிசம்பரில் வடக்கிலும், 2003 ஜனவரியில் தெற்கிலும், பின்னர் கிழக்கிலும் வடகிழக்கிலும் புதிய கட்டணமுறை நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டி வகுத்த அட்டவணையிலிருந்து பிறழ்ந்து கொடுத்த, எடுத்த மின்சாரத்துக்கு அந்தக் கால்மணி நேரத்தின் அதிர்வெண்ணே விலையை உரைக்கும். அதிர்வெண் 50.5-ஐத் தொட்டால் விலை சுழியம். 49-க்குத் தாழ்ந்தால், தொடக்கத்தில் வகுத்தபடி, யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. தராசின் முள்ளே விலைப்பட்டியல் ஆயிற்று. இதனால் மாநிலங்களின் போக்கில் ஒழுங்கு தோன்றிற்று. நீரை எப்பொழுது இறக்குவது, எப்பொழுது நிறுத்தி வைப்பது என்பதற்கும் முதன்முறையாகப் பணக்கணக்கில் விடை கிடைத்தது.

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்வணிகத்தைத் தனித்தொழிலாக ஏற்று, பெரிய நுகர்வோர் பிறர் கம்பி வழியே தாம் விரும்பியவரிடம் மின்சாரம் வாங்க இடமளித்தது. 2008 ஜூன் 27-இல் இந்திய எரிசக்திப் பரிமாற்றகம் என்னும் மின்சாரச் சந்தை இயங்கத் தொடங்கியது. நாளைய ஒவ்வொரு மணிக்கும் விற்போர் தம் அளவையும் விலையையும் இன்றே சொல்வர். வாங்குவோரும் அவ்வாறே சொல்வர். இரு வரிசைகளும் சந்திக்கும் இடத்தில் விலை முடிவாகும். 2012 முதல் மணிக்கணக்கு கால்மணிக் கணக்காயிற்று. 2020 ஜூன் முதல் அரைமணிக்கு ஒருமுறை ஏலம் நடக்கும் உடனடிச் சந்தையும் சேர்ந்தது. இந்த ஏலத்தில், “ஆறு ரூபாய்க்கு மேல் போனால் எனக்கு வேண்டாம்” என்று ஓர் உருக்காலை கேட்பு எழுதினால், அதுவே ஒரு விட்டுக்கொடுத்தல். அதை எவரும் வெட்டவில்லை, அதுவாகவே விலகிற்று.

விலை மட்டும் எல்லாவற்றையும் காக்கும் என்றும் நாம் மயங்கிவிடலாகாது. 2012 ஜூலை 30-இலும் 31-இலும் வடநாட்டு மின்தொகுப்பு அடுத்தடுத்துச் சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் இருண்டன. அறுபது கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நிலப்பரப்பு அது. தில்லியில் மெட்ரோ ரயில்கள் நின்றன. வங்கத்தின் சுரங்கங்களில் தொழிலாளர் பூமிக்கடியில் காத்திருந்தனர். கம்பிகளின் வலுக்குறைவும், சில மாநிலங்கள் அளவுக்கு மேல் இழுத்ததும் அதன் காரணங்களுள் அடங்கும். நெருக்கடியில் நொடிக்கணக்கில் கைகொடுக்கும் இருப்பு ஒன்று வேண்டும் என்ற பாடத்தை நாடு அந்த இரு நாளில் கற்றது. தென்மண்டலம் அப்போது ஏனைய மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாதிருந்தமையால் தப்பியது. 2013-இன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியே அதுவும் இணைந்தது. நாடு முழுவதும் ஒரே தொகுப்பாயிற்று.

அந்தத் தொகுப்பின் திறம் 2020 ஏப்ரல் 5 இரவில் வெளிப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில், மக்கள் இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்குமாறு வேண்டப்பட்டனர். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்தனர். குறைந்ததோ சுமார் 31,000 மெகாவாட். அனல் நிலையங்களால் அவ்வளவு விரைவில் இறங்கி ஏற இயலாது. நாடெங்குமுள்ள புனல்மின் நிலையங்கள் சில நிமிடங்களில் 17,000 மெகாவாட்டுக்கு மேல் குறைத்து, மீண்டும் அவ்வளவும் ஏற்றிக் கொடுத்தன. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. அந்த இரவில் இரு உண்மைகள் கண்கூடாயின: கேட்டுக்கொண்டால் மக்களின் தேவை நிமிடங்களில் மாறக்கூடும், தேக்கி வைத்த நீர் அந்த மாற்றத்தைத் தாங்கக்கூடும்.

இவற்றுக்கு முறையான விலை என்ன என்ற வினா நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. அமெரிக்காவில், நெருக்கடியில் நுகர்வைக் குறைப்போருக்கு மொத்தச் சந்தையில் மின்நிலையத்துக்குத் தரும் விலையையே தர வேண்டும் என்று மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2011-இல் ஆணையிட்டது. மின்நிலைய உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. 2018-இல் சேமிப்பு நிலையங்களும் மொத்தச் சந்தையில் பங்குகொள்ள வழி திறக்கவேண்டுமென மற்றோர் ஆணை பிறந்தது.

நம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் வகுத்த துணைச்சேவை விதிகள் இதே திசையில் வைத்த அடி. அதிர்வெண்ணைக் காக்கும் சேவையை மின்நிலையம் மட்டுமன்றி, சேமிப்பு வைத்திருப்பவரும், நுகர்வைக் கூட்டிக் குறைக்க வல்லவரும், தனித்தோ பலர் ஒன்று சேர்ந்தோ அளிக்கலாம் என அவை கூறின. சேமிப்பு என்பது ஆக்கமா, நுகர்வா, கம்பியின் உறுப்பா என்ற பழைய ஐயத்தையும் அவ்வாண்டு டிசம்பரில் வந்த திருத்த விதிகள் தீர்த்தன: அது தனித்தும் நிற்கலாம், மூன்றனுள் எதனோடும் சேரலாம். மின்வழங்கு நிறுவனங்கள் தம் தேவையில் ஒரு பங்கைச் சேமிப்பின் வழியே பெற வேண்டும் என்றும் விதித்தனர். 2023-24-இல் நூற்றுக்கு ஒன்று, 2029-30-இல் நான்கு என்பது அதன் படிமுறை.

இதற்குள் நீரோடு போட்டியிட மின்கலங்களும் வந்துவிட்டன. தில்லி ரோகிணியில் 2019 பிப்ரவரியில் 10 மெகாவாட் மின்கலத் தொகுதி ஒன்று தொடங்கப்பட்டது. பெரிய மின்கலத் தொகுதிகளின் வாடகை, மெகாவாட்டுக்கு மாதம் ஒன்றுக்கு, 2022 ஏலத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. 2024 முடிவதற்குள், அரசின் உதவித்தொகையும் சேர்ந்து, இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. காலமும் இதற்கு ஏற்றதாயிற்று. கதிரொளி மின்சாரம் பெருகியதால் நண்பகலில் சந்தை விலை தாழ்வதும், கதிரவன் மறைந்தபின் உச்சவரம்பான 10 ரூபாயைப் பன்முறை தொடுவதும் 2024-இல் காணும் காட்சியாயின. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் முதுமொழி களத்துமேட்டுக்கு மட்டும் உரியதன்று.

இனி, எளிய நுகர்வோருக்கு இதனால் வருவது என்ன? 2023 ஜூனில் வெளிவந்த நுகர்வோர் உரிமைத் திருத்த விதிகள், கதிரொளி வேளையில் கட்டணம் வழக்கத்தைவிட நூற்றுக்குக் குறைந்தது இருபது குறைவாகவும், உச்ச வேளையில் வணிகர்க்கும் தொழிலகங்களுக்கும் குறைந்தது இருபது, பிறருக்குப் பத்து மிகுதியாகவும் இருக்கவேண்டும் என்றன. புதிய அளவுமானி பொருத்திய இடங்களில், உழவர் நீங்கலாக, 2025 ஏப்ரல் முதல் இஃது எல்லாருக்கும் ஆகும் என வகுத்தனர். உழவருக்கும் விடிவு வராமல் இல்லை: குஜராத்தில் 2020-இல் தொடங்கிய திட்டம் பம்புகளுக்குரிய மின்சாரத்தைப் பகலுக்கு மாற்றியது. அதனால் வயலுக்கு நீர், உழவருக்கு உறக்கம், தொகுப்புக்குச் சமநிலை ஆகிய மூன்றும் சேர்ந்து கிட்டின.

ஆயினும் குறைகள் இல்லாமல் இல்லை. துணைச்சேவை விதிகள் வாயிலைத் திறந்தன; எனினும் அதன் வழியே முதலில் நுழைந்தவை பெரும்பாலும் பழைய அனல், புனல் நிலையங்களே. ஒரு தெருவின் குளிர்சாதனப் பெட்டிகளையும் நீர்ப்பம்புகளையும் ஒருங்கே திரட்டிச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் இடைநிலை அமைப்புகள் வலுப்பெற வேண்டும். உச்ச வேளைக் கட்டணம் மிகுதி என்று சொல்வது எளிது. மாலை ஏழு மணிக்கு அடுப்பும் விளக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிவைக்க முடியாத ஓரறைக் குடும்பத்துக்கு அது புதிய சுமையாகிவிடக் கூடாது. ஒத்திவைக்க வல்லவர் ஒத்திவைத்து ஊதியம் பெறவேண்டும், இயலாதவர் தண்டிக்கப்படலாகாது. இவ்வெல்லை காக்கப்படாவிட்டால், பழைய மின்வெட்டு கட்டண உருவில் திரும்பி வந்ததாகவே ஆகும்.

மைசூர் அரசு அணைகட்டிச் சேமித்தது. வாரியங்கள் வெட்டிச் சமன்செய்தன. இன்றைய சந்தை விலைகூறி வேண்டுகிறது. இம்மூன்று நிலைகளையும் ஒருசேர நோக்கும்போது, மாறி வந்திருப்பது பொறியின் திறம் மட்டுமன்று, நுகர்வோரின் நிலையும் என்பது விளங்கும். முன்னர் அவர் கேளாமலே இருளில் விடப்பட்டார். இனி அவரைக் கேட்டாக வேண்டும். அவர் தரும் யூனிட்டை வரவில் எழுதியாக வேண்டும். சட்டம் அந்த ஏட்டைத் திறந்து வைத்துவிட்டது. நாம் வாழும் ஊரின் மின்வழங்கு நிறுவனம் அதில் நம் பெயரையும் எழுதுகிறதா என்று கேட்டறிவது நம் கடமை.